அந்த ரகசியத்தை எடுத்துவிடாதே

சாத்தூர்
ஐப்பசி 10

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதமும் திருத்திய பிரதியும் ஒரே தபாலில் வந்து சேர்ந்தன. இங்கே எல்லாரும் நலம். அம்மாவுக்கு வலது கண்ணில் புரை எடுத்தாயிற்று. சொட்டு மருந்து மட்டும் நேரம் தவறாமல் விட வேண்டியிருக்கிறது. கொஞ்ச நாளைக்கு அடுப்புப் பக்கம் போகக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. புரட்டாசிக் கடைசியில் விதைத்த உளுந்து நன்றாக முளைத்திருக்கிறது, இன்னும் ஒரு மழை கிடைத்தால் போதும். மருமகளுக்கு வேலை கிடைத்த செய்தியைப் படித்ததும் வீட்டில் எல்லாரிடமும் சத்தமாக வாசித்துக் காட்டினேன். சென்னையில் தங்குவதற்கு நல்ல இடம் அமைந்துவிட்டதா?

சரி, நாவலுக்கு வருகிறேன்.

கோடையில் நீ அனுப்பிய முதல் பிரதியை எடுத்து வைத்துக்கொண்டு, இரண்டையும் அத்தியாயம் அத்தியாயமாக ஒப்பிட்டுப் படித்தேன். 'மாத நாவல் வாடை அடிக்கிறது' என்று உன்னிடம் சொன்னவர் யார் என்று நீ எழுதவில்லை. நானும் கேட்கப்போவதில்லை. ஆனால் அந்த ஒரு வார்த்தைக்காக நீ எடுத்துவிட்ட பகுதிகள்தான் நாவலின் உயிர் என்று நினைக்கிறேன்.

ஏழாம் அத்தியாயத்தையே எடுத்துக்கொள். தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு எழுதும் அண்ணன் ராத்திரியோடு ராத்திரியாக ஊரைவிட்டுப் போய்விடுகிறான். மறுநாள் தங்கை வழக்கம்போல வேலைக்கு வருகிறாள். கட்டையில் குச்சி அடுக்குகிறாள். சுற்றி உட்கார்ந்திருக்கும் பெண்கள் யாரும் அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. சாயங்காலம் சம்பளக் கணக்கு நோட்டைப் புரட்டும்போது நடுவில் ஒரு தாள் கிழிக்கப்பட்டிருப்பதைப் பார்க்கிறாள். நோட்டை மூடி எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வீட்டுக்குப் போகிறாள். முதல் பிரதியில் இவ்வளவுதான். அன்று அவள் அடுக்கிய ஒவ்வொரு குச்சியையும் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். திருத்திய பிரதியில் முதல் பத்தியிலேயே அண்ணன் ஏன் போனான், எவ்வளவு பணம், யாருக்காக என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டாய். அதற்குப் பிறகு அவள் வெறுமனே குச்சி அடுக்குகிறாள். அதைப் பார்க்க எனக்கு ஒரு காரணமும் இல்லை.

நாம் எதைப் படித்து வளர்ந்தோம் என்பது உனக்குத் தெரியாததா? உங்கள் பெரியப்பா வீட்டு மாடியில் இருந்த பைண்டு புத்தகங்களை நினைத்துப் பார். வாரப் பத்திரிகையில் வந்த தொடர்களைக் கிழித்துச் சேர்த்து, காலிக்கோ அட்டை போட்டு வைத்திருந்தார். ஒரு பக்கம் மணியத்தின் படம், மறுபக்கம் கூந்தல் தைலத்துக்குப் பாதி விளம்பரம். சாண்டில்யன் தொடருக்கு லதாவின் படம், சுஜாதாவுக்கு ஜெயராஜ். நடுவில் ஏதாவது ஒரு வாரம் விடுபட்டிருக்கும். முந்தின வாரம் சிறையில் இருந்தவன் அடுத்த பக்கத்தில் படகில் போய்க்கொண்டிருப்பான். எப்படித் தப்பித்தான் என்று நாம் இரண்டு பேரும் மாடிப்படியில் உட்கார்ந்து பேசிப் பேசி அந்த வாரத்தை நாமே உண்டாக்கிவிடுவோம். நம் எழுத்து அங்கேதான் தொடங்கியது என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஒன்றைச் சொல்லாமல் விட்டால் படிப்பவன் மனசு அங்கே போய் வேலை செய்யும் என்பதை விடுபட்ட வாரங்கள்தான் நமக்குக் கற்றுக்கொடுத்தன.

நமக்குப் பிடித்த மர்மக்கதை வகை நாம் எழுதும் விஷயமாகவே வர வேண்டியதில்லை. நீ எழுதுவது கரிசல்காட்டுக் குடும்பக் கதை. அதில் துப்பறிகிறவர் யாரும் கிடையாது. ஆனால் எதை எப்போது சொல்வது, யார் கண் வழியாகப் பார்ப்பது, எங்கே நிறுத்துவது என்ற கைப்பழக்கம் எல்லாம் அங்கிருந்து வந்ததுதான். அதை உன்னிடமிருந்து பிடுங்கிவிட்டால் எழுதக் கை இருக்காது.

பொன்னியின் செல்வனை இந்த வருஷம் மறுபடியும் படித்தேன், இந்த முறை எழுதுகிறவனாக. சரித்திர நாவல் என்றுதான் நாம் சொல்கிறோம். ஆனால் அதன் நடுவில் இருப்பது ஒரு கொலை. காட்டுமன்னார்கோவில் உடையார்குடி அனந்தீஸ்வரர் கோயிலில் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறதே, சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகளின் நிலத்தைப் பற்றியது, அதில் சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் என்று பெயர்கள் இருக்கின்றன. ஏன் கொன்றார்கள் என்பது இல்லை. அந்த இல்லாத காரணத்தைச் சுற்றித்தான் கல்கி 1950 முதல் 1954 வரை ஐந்து பாகம் எழுதினார். கதையை அவர் தொடங்கும் வீரநாராயண ஏரியும் அந்தக் கோயிலுக்குப் பக்கத்திலேயேதான் இருக்கிறது! அவ்வளவு பெரிய நாவலை எழுதியும், குத்தியது இன்னார் கைதான் என்று சந்தேகத்துக்கு இடமில்லாமல் அவர் சொல்லவே இல்லை. கல்வெட்டு வைத்த மௌனத்துக்கு அவர் கொடுத்த மரியாதை என்றே நான் அதை எடுத்துக்கொள்கிறேன்.

இன்னொன்றும் கவனித்தேன். வந்தியத்தேவனுக்குச் சோழ நாட்டு அரண்மனை விவகாரம் ஒன்றுமே தெரியாது. ஓலை கொண்டுவந்தவன் அவன். கடம்பூர் மாளிகையில் நடுராத்திரிக் கூட்டத்தை அவன் ஒளிந்து பார்க்கும்போது, அவனுக்குத் தெரிந்த அளவுதான் நமக்கும் தெரியும். அவன் கேட்கும் கேள்வி நம்முடையது. தெரியாதவன் ஒருவனை உள்ளே அனுப்பினால், ஆசிரியர் நின்று விளக்கம் சொல்ல வேண்டிய அவசியமே இல்லாமல் போய்விடுகிறது. உன் நாவலில் அந்த வேலையைத் தங்கை செய்கிறாள். அவளுக்கும் அண்ணன் போன காரணம் தெரியாதல்லவா? அப்படியிருக்க, அவளுக்கு முன்னால் எங்களுக்கு ஏன் சொல்கிறாய்?

பேய்க்கதை விஷயத்தில் நாம் ஒத்துப்போனதே இல்லை, நீ அதைச் சின்னப் பிள்ளைகள் சமாசாரம் என்பாய். புதுமைப்பித்தனின் காஞ்சனையை ஒரு தடவை ராத்திரி தனியாகப் படித்துப் பார். கதை சொல்கிறவன் ஓர் எழுத்தாளன். பக்கத்தில் மனைவி நிம்மதியாகத் தூங்குகிறாள், இவனுக்குத் தூக்கம் வரவில்லை. முதலில் வருவது ஒரு வாடை. அவ்வளவுதான். பேய் என்று எதையும் காட்டுவதற்கு முன்னால் வீடு, படுக்கை, மனைவியின் பேச்சு எல்லாம் நமக்குப் பழகிவிடுகின்றன. பயம் பழகிய வீட்டுக்குள்தான் வர முடியும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நான் எழுதிய கதைகளில் பேயே வந்ததில்லை, உனக்குத் தெரியும். ஆனால் ஒரு சாவையோ கடனையோ எழுத உட்கார்ந்தால், முதலில் அந்த வீட்டில் தண்ணீர்க் குடம் எங்கே இருக்கிறது, யார் எந்தப் பக்கம் தலை வைத்துப் படுப்பார்கள் என்றுதான் மனசு போகிறது. அது காஞ்சனை கொடுத்தது.

சுஜாதாவைப் பற்றி நாம் பேசாத நாள் உண்டா? 1968-இல் குமுதத்தில் நைலான் கயிறு எழுதியபோது வந்த வக்கீல் கணேஷ், அப்புறம் உதவியாளன் வசந்த் சேர்ந்ததும் வேறு ஆளாகிவிட்டான். ஒருவன் சொல்வதை மற்றவன் ஒத்துக்கொள்ள மாட்டான். கொலையுதிர் காலம் முடியும்போது கணேஷ் விஞ்ஞானத்தில் ஒரு விளக்கம் வைத்திருக்கிறான், வசந்துக்கு அது போதவில்லை. இரண்டையும் ஆசிரியர் அப்படியே விட்டுவிடுகிறார். துப்பறியும் கதையும் பேய்க்கதையும் ஒரே வீட்டில் குடியிருக்க முடியும் என்று எனக்குக் காட்டிய கதை அது. உரையாடலில் ஒரு வார்த்தை கூடினாலும் என் காதில் உறுத்துவதற்கும் அவர்தான் காரணம்.

கனமான இலக்கியத்தில் மர்மத்துக்கு இடமில்லை என்று உன்னிடம் சொன்னவர் தஸ்தயெவ்ஸ்கியை எங்கே வைப்பார்? 1866-இல் வந்த குற்றமும் தண்டனையும் நாவலில் முதல் பாகத்திலேயே கொலை நம் கண்முன் நடந்துவிடுகிறது. கொன்றவன் யார் என்று நமக்குத் தெரியும். பிறகும் புத்தகத்தைக் கீழே வைக்க முடிகிறதா? விசாரணை அதிகாரி போர்ஃபிரி கையில் அசைக்க முடியாத சாட்சியம் ஒன்றும் இல்லாமல், கொன்ற ரஸ்கோல்னிகோவுடன் பேசிக்கொண்டே இருக்கிறான். இவன் எப்போது வாயைத் திறப்பான் என்று நாம் காத்திருக்கிறோம். மர்மம் 'யார்' என்பதிலிருந்து 'எப்போது சொல்வான்' என்பதற்கு மாறிவிட்டது. கரமசோவ் சகோதரர்களோ அப்பாவைக் கொன்றது யார் என்ற கேள்வியிலேயே நிற்கிறது, கோர்ட்டு வரை போகிறது. அவர் பத்திரிகையில் தவணை தவணையாக எழுதியவர் என்பதையும் மறந்துவிடக் கூடாது. அடுத்த இதழுக்கு வாசகன் வர வேண்டும் என்ற கவலை அவருக்கும் இருந்தது.

இந்தப் பழக்கத்தில் ஆபத்து ஒன்றுமே இல்லை என்று நான் சொல்லவில்லை. உன் முதல் பிரதியில் பதினோராம் அத்தியாயம் முடியும் இடத்தைப் பார். கதவு தட்டப்படுகிறது, தொடரும் என்று போடாத குறைதான். திறந்தால் பால்காரர். அங்கே நீ ஒளித்தது எந்த மனுஷனுக்கும் சம்பந்தமில்லாத ஒன்று. அதைத் தாராளமாக எடுத்துவிடு. ஆனால் கிழித்த தாளை அவள் யாரிடமும் சொல்லாதது அப்படியில்லை. அது அவள் சுபாவம், அவள் வீடு, அந்த ஊரில் ஒரு பெண் எதைக் கேட்கலாம் எதைக் கேட்கக் கூடாது என்ற ஏற்பாடு எல்லாம் சேர்ந்தது. எழுதுகிறவன் வாசகனிடம் மறைப்பது வேறு, ஒரு பாத்திரம் இன்னொரு பாத்திரத்திடம் மறைப்பது வேறு. இரண்டாவது வகை எங்கெல்லாம் வருகிறதோ அங்கெல்லாம் பென்சிலால் கோடு போட்டிருக்கிறேன். அவற்றில் கை வைக்காதே.

பதினைந்தாம் அத்தியாயத்தில் அந்தக் காலத்துக் கூலிக் கணக்கு வரும் இடம் எனக்குக் கொஞ்சம் சந்தேகமாக இருக்கிறது. பெட்டி ஒட்டிய பெண்கள் யாராவது இன்னும் இருந்தால் கேட்டு எழுதுகிறேன். எங்கள் தெருவிலேயே ஒரு பாட்டி இருக்கிறார். வீட்டுக்கு எடுத்துவந்து ராத்திரி முழுக்க ஒட்டுவோம் என்று சொல்வார். அவரிடம் உட்கார்ந்து நிதானமாகப் பேச வேண்டும்.

இரண்டு பிரதிகளையும் திங்கட்கிழமை தபாலில் அனுப்புகிறேன். பொங்கலுக்குத் தங்கச்சியையும் மருமகளையும் கூட்டிக்கொண்டு கட்டாயம் வா, அம்மாவும் அதற்குள் அடுப்படிக்குத் திரும்பியிருப்பாள். கிழித்த அந்தத் தாள் யாரிடம் இருக்கிறது என்பது உனக்குத் தெரிந்திருந்தால் பதில் கடிதத்தில் எழுதிவிடாதே. நாவலிலேயே படித்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்