ஆஸ்திரேலியத் தைப்பானும் எங்கள் வீட்டு லோங்காங்கும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் வெளிவந்த, உலகின் கொடிய விஷ உயிரினங்கள் பத்தைப் பற்றிய கட்டுரையை என் பேரன் கத்தரித்து எங்கள் வீட்டு ஐஸ்பெட்டிக் கதவில் ஒட்டி வைத்திருக்கிறான். நான்காம் ஆண்டு படிக்கும் பிள்ளை தமிழில் அச்சான ஒன்றை விரும்பி வெட்டி ஒட்டுவது இந்நாளில் அரிய காட்சி என்பதால், முதலில் தங்களுக்கு என் நன்றி. ஆனால் கட்டுரையின் ஓரத்தில் கட்டம் கட்டிப் போட்டிருந்த முதலுதவிக் குறிப்பைப் பார்த்தபோது எனக்குத் திக்கென்றது. பாம்பு கடித்தால் கடிவாய்க்கு மேலே கயிற்றால் இறுகக் கட்ட வேண்டும் என்று அதில் இருக்கிறது. அது தவறு. அந்தத் தவற்றின் விலை என்னவென்று எங்கள் குடும்பத்திற்குத் தெரியும்.

அதற்கு முன் பட்டியலைப் பற்றிச் சில வார்த்தைகள். முதலிடத்தில் இருக்கும் ஆஸ்திரேலிய உள்நாட்டுத் தைப்பான் என்ற பாம்புக்கு அந்த இடம் கிடைத்தது ஆய்வுக்கூடத்து எலிகளால்தான். எத்தனை சொற்ப விஷத்தில் எலி சாகிறது என்ற கணக்கில் தரைவாழ் பாம்புகளில் அதை மிஞ்சியது இல்லை. ஆனால் மத்திய ஆஸ்திரேலியாவின் வறண்ட களிமண் வெளியில், ஆள் நடமாட்டம் அபூர்வமான இடத்தில், நிலவெடிப்புகளுக்குள் ஒதுங்கி வாழும் அந்தக் கூச்சமுள்ள பாம்பு கடித்து ஒருவர் இறந்ததாக உறுதியான பதிவு கிடையாது. கொடிய பாம்புகளுக்குப் பெயர்போன அந்த நாட்டில் பாம்புக்கடியால் ஆண்டுக்கு இரண்டு மூன்று பேர் இறந்தாலே அதிகம். இந்தியாவிலோ, 2000 முதல் 2019 வரை ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்தார்கள் என்பது 2020இல் வெளியான ஆய்வின் மதிப்பீடு. வயலில் வெறுங்காலோடு நடப்பதும், தரையில் பாய் விரித்துப் படுப்பதும், மருத்துவமனை தொலைவில் இருப்பதும், இருக்கும் நேரத்தை மந்திரிப்பதில் கழிப்பதுமே அந்த எண்ணிக்கைக்குக் காரணம். பாம்புக்கடியை உலகச் சுகாதார நிறுவனம் 2017இல் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்ததும் இதனால்தான்.

இன்னொன்று. புலனக் (வாட்ஸ்அப்) குழுக்களில் தமிழ்நாட்டிலிருந்து வரும் காணொலிகள் நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்று நான்கைச் சொல்லி, அந்த நான்குக்கும் சேர்த்து ஒரே மருந்து உண்டு என்கின்றன. அவர்கள் நாட்டுக்கு அது சரி. ஆனால் அந்த நான்கு இனங்களில் ஒன்றுகூடத் தீபகற்ப மலேசியாவில் இல்லை. இங்குள்ள நாகம் வேறு இனம், கட்டுவிரியன் வேறு இனம். நம் மருத்துவமனைகளில் பயன்படும் விஷமுறிவு மருந்தில் பெரும்பகுதி பேங்காக்கிலுள்ள தாய்லாந்து செஞ்சிலுவைச் சங்கத்தின் கூடத்திலிருந்து வருகிறது; அதிலும் இனத்துக்கு இனம் மருந்து மாறும்.

நம் பினாங்கு, கெடா, பெர்லிஸ் பக்கத்தில் தோட்டப் பாட்டாளிகளை அதிகம் கடித்தது மலாய்க்காரர்கள் 'உலார் காப்பாக் போடோ' என்று அழைக்கும் குழிவிரியன். போடோ என்றால் மடையன். ஆள் நெருங்கினாலும் நகராமல், உதிர்ந்த இலையின் நிறத்திலேயே முதுகில் கறுத்த முக்கோணங்களோடு சுருண்டு கிடக்கும். கடித்த பிறகும் பெரும்பாலும் அதே இடத்தில் கிடக்கும். அதனால் வந்த பெயர். என் அப்பா செபராங் பிறையில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டினார், அதாவது பால் எடுக்க மரப்பட்டையைச் சீவினார். ஒரு விடியற்காலை, நெற்றியில் கட்டிய விளக்கு வெளிச்சத்தில் மரத்தின் கோட்டைப் பார்த்தபடி உளியைப் பிடித்திருந்தவர், இடக்காலை இலைச்சருகின்மேல் வைத்தார். முள் குத்தியதுபோல் இருந்தது என்றுதான் முதலில் சொன்னாராம். தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்குத் தூக்கி வந்ததும் கைலியைக் கிழித்து முழங்காலுக்குக் கீழே விரல் நுழையாதபடி கட்டினார்கள். விஷம் இறக்குபவர் வந்து கடிவாயில் கல் வைத்தார். மருத்துவமனைக்குக் கொண்டுபோகும்போது மதியமாகிவிட்டது. உயிர் பிழைத்தார், ஆனால் கட்டுக்குக் கீழே கால் கறுத்துக் கொப்பளித்து மூன்று விரல்கள் போயின. எஞ்சிய காலம் முழுவதும் அவர் இடக்கால் சப்பாத்தில் முன்பகுதியில் துணி அடைத்துத்தான் நடந்தார்.

இந்தப் பாம்பின் விஷம் கடிபட்ட இடத்துத் தசையை அழிப்பதோடு, இரத்தத்தை உறையவிடாமலும் செய்கிறது. இறுகக் கட்டினால் விஷம் ஓரிடத்தில் தேங்குவதோடு இரத்த ஓட்டமும் தடைபடுவதால் அங்குள்ள தசை இன்னும் வேகமாக அழுகுகிறது. இதையெல்லாம் உலகுக்கு விளங்கவைத்த ஆராய்ச்சியில் நம் ஊருக்கும் பங்கு உண்டு என்பது பலருக்குத் தெரியாது. 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் பினாங்கு பொது மருத்துவமனையில் பணியாற்றிய மருத்துவர் அலிஸ்டர் ரீட், இங்கு வந்த தோட்டத் தொழிலாளர்களையும், கடற்பாம்பு கடித்த மீனவர்களையும் ஒவ்வொருவராகக் கவனித்துக் குறித்து வைத்தார். கடிபட்டவர்களில் கணிசமானோருக்கு விஷம் ஏறவே இல்லை என்று அவர் கண்டார். மந்திரக்காரர்களின் புகழுக்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியவில்லை. குழிவிரியன் விஷத்திலிருந்து பின்னாளில் இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து ஒன்று உருவானதற்கும் அவருடைய குறிப்புகளே தொடக்கம்.

ஆகவே தங்கள் கட்டத்தில் இருக்க வேண்டியது இதுதான். கடிபட்டவரை நடக்கவிடாமல் கிடத்தி, கடிபட்ட கையையோ காலையோ ஒரு பலகைத் துண்டோடு சேர்த்துத் தளர்வாகக் கட்டி அசையாமல் வைக்க வேண்டும். வீக்கம் ஏறுவதற்குமுன் மோதிரம், வளையல், கொலுசு, மெட்டி எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும். கீறுவது, உறிஞ்சுவது, ஐஸ் வைப்பது, கல் வைப்பது எதுவும் வேண்டாம். 999 எண்ணுக்கு அழைத்து, விஷமுறிவு மருந்துள்ள மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். பாம்பைத் துரத்தி அடித்துப் பையில் போட்டுக்கொண்டு வருவது இரண்டாவது ஆளும் கடிபடுவதற்கான வழி. தள்ளி நின்று கைப்பேசியில் ஒரு படம் எடுக்க முடிந்தால் போதும், இல்லாவிட்டாலும் பாதகமில்லை. லோங்காங் (சாக்கடை) ஓரத்தில் நாம் அடிக்கடி காணும் துப்பும் நாகம் கண்ணில் விஷத்தைப் பாய்ச்சிவிட்டால், கசக்காமல் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே கிளம்ப வேண்டும்.

பட்டியலில் இருந்த பெட்டி ஜெல்லி மீனும் ஆஸ்திரேலியாவுக்கு மட்டும் உரியதன்று. அதன் உறவுகள் பினாங்கின் பத்து ஃபெரிங்கி, தெலுக் பஹாங் கடலிலும் உண்டு என்பதைப் பள்ளி விடுமுறைக்குப் பிள்ளைகளை அழைத்துப்போகும் பெற்றோர் அறிந்திருப்பது நல்லது. கொட்டிய இடத்தில் மணலைத் தேய்ப்பதும் குழாய்த் தண்ணீர் ஊற்றுவதும் இன்னும் வெடிக்காத கொட்டும் செல்களை வெடிக்கவைக்கும். காடிதான் (வினிகர்) அவற்றை அடக்கும்; ஒரு போத்தல் காடி காரில் இருப்பது பாரமில்லை. குளவிக் கூட்டைப் பற்றியும் கட்டுரையில் ஒரு வரி இல்லை. அதைத் தீவட்டியால் கொளுத்தப் போகாமல் பொம்பாவை (தீயணைப்புத் துறையை) அழைக்க வேண்டும். கொசுவைக் கட்டுரையாளர் விட்டுவிட்டதை நான் குறை சொல்லவில்லை, அது விஷ உயிரினம் அல்லவே. ஆனாலும் 2019இல் மட்டும் நம் நாட்டில் 1,30,101 பேருக்கு டெங்கி கண்டு 182 பேர் இறந்தார்கள் என்பதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தைப்பானின் மிரட்டல் சற்றுக் குறைந்துதான் தெரிகிறது.

அடுத்த முறை இத்தகைய கட்டுரை வெளியிடும் முன், மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில், இதே பினாங்கில், 1994 முதல் இயங்கிவரும் தேசிய நச்சு மையத்தை ஒருமுறை கேட்டுக்கொள்ளுமாறு வேண்டுகிறேன். திருத்தத்தை உள்பக்க மூலையில் இரண்டு வரியாகப் போடாமல், அதே மாணவர் பக்கத்தில், அதே அளவு கட்டத்தில் வெளியிட வேண்டும் என்பதும் என் கோரிக்கை. எங்கள் வீட்டு ஐஸ்பெட்டியில் இருக்கும் துண்டில் அந்த வரியை நான் சிவப்பு மையால் அடித்துவிட்டேன். பேரன் கோபித்துக்கொண்டான், பிறகு என் அப்பாவின் சப்பாத்துக் கதையைக் கேட்டுவிட்டு அவனே கீழே ஒரு கோடு கூடப் போட்டான். மற்ற வீடுகளில் ஒட்டியிருக்கும் துண்டுகளைத் தாங்கள்தான் திருத்த வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர்,
பட்டர்வொர்த், பினாங்கு.