ஏழு கிலோ போதும், கலா

அன்புள்ள கலாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. வேலையை விட்டுவிட்டு மூன்று மாதம் வியட்நாம், லாவோஸ், தாய்லாந்து என்று சுற்றப் போகிறாய் என்று படித்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. காலேஜில் படிக்கும்போதே அட்லஸை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாயே. இங்கே எல்லோரும் நலம். கோத்தகிரியில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டது, மேட்டுப்பாளையம் ரோட்டில் மண் சரிந்து ஒரு நாள் பஸ் ஓடவில்லை, பச்சைத் தேயிலைக்கு விலை ஏறுகிற வழியைக் காணோம். சின்னவன் கோவையில் காலேஜ் சேர்ந்துவிட்டான். சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன்.

பைக்கு ஒரு பட்டியல், பணத்துக்கு ஒரு பட்டியல் என்று தனித்தனியாக எழுதியிருக்கிறாய். இரண்டும் ஒரே கணக்குதான் கலா. அந்தப் பக்கத்து மலிவு விமானங்களில் கையோடு கொண்டுபோக 7 கிலோதான், அதற்கு மேல் போனால் ஒவ்வொரு விமானத்துக்கும் தனியாகக் காசு. அதோடு போகாது. 15 கிலோவைத் தூக்கிக்கொண்டு முன்பின் தெரியாத ஊரில் இறங்கினால், முதலில் வந்து கேட்கிற டாக்ஸிக்காரர் சொன்ன தொகைக்குத் தலையாட்டுவாய், முதலில் பார்த்த அறையைப் பிடிக்காவிட்டாலும் எடுத்துக்கொள்வாய். தோளில் கனம் இல்லையென்றால் இன்னும் நாலு இடம் நடந்து போய் விசாரிப்பாய். உன் பட்ஜெட் தேறுவதும் தேறாததும் அங்கேதான்.

ஜீன்ஸ் இரண்டையும் எடுத்துவிடு. டர்க்கி டவலையும்தான். மழைக்காலத்தில் இந்த மலையில் குடித்தனம் நடத்துகிறவர்கள் துணி வாங்கும்போது ஒன்றே ஒன்றைத்தான் பார்ப்போம், ராத்திரி துவைத்தால் காலையில் காயுமா என்று. நீயும் ஒவ்வொன்றையும் அப்படிப் பார். மூன்று மேல்சட்டை, இரண்டு பேன்ட், உள்ளாடை நாலு செட், ஒரு ஈரிழைத் துண்டு, அவ்வளவுதான். துவைத்த சட்டையை அந்தத் துண்டின் மேல் விரித்து, இரண்டையும் சேர்த்து இறுக்கிச் சுருட்டி, தரையில் போட்டு ஏறி மிதி. பாதி ஈரம் துண்டுக்கு வந்துவிடும். பிறகு துண்டைப் பிழிந்து இரண்டையும் ஃபேனுக்கு அடியில் போட்டுவிட்டுத் தூங்கு.

ஸ்வெட்டரே உன் பட்டியலில் இல்லை. நீ போவது டிசம்பரில். ஹனோயிலேயே அப்போது குளிரும். அதற்கும் வடக்கே மலையில் இருக்கிற சாபா சுமார் 1,500 மீட்டர் உயரம், ஊட்டியைவிடத் தாழ்வுதான், ஆனாலும் அந்த மாதங்களில் இரவில் 10 டிகிரிக்குக் கீழே போய்விடும், பனிமூட்டம் வேறு. அதற்காகக் கனத்த ஜெர்கின் வாங்காதே. உள்ளே ஒரு தெர்மல், மேலே மெல்லிய கம்பளி ஸ்வெட்டர், அதற்கும் மேலே காற்றும் மழையும் புகாத கோட்டு. தெற்கே இறங்கியதும் ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொள்ளலாம், சுருட்டினால் பையின் ஒரு மூலையில் அடங்கிவிடும். பவர் பேங்கை மட்டும் கைப்பையிலேயே வை, செக்-இன் பையில் விடமாட்டார்கள்.

பணத்துக்கு வருவோம். வியட்நாம் இ-விசா 90 நாள் வரை கிடைக்கும், ஒரு முறை நுழைய 25 டாலர், பல முறை என்றால் 50. நீயோ ஹனோயில் இறங்கி, லாவோஸ் போய், திரும்ப வியட்நாம் வந்து, அப்புறம் தாய்லாந்து என்று எழுதியிருக்கிறாய். வியட்நாமை முழுதாக முடித்துவிட்டு லாவோஸ் வழியாகத் தாய்லாந்து போனால் 25 டாலரும் மிச்சம், ஒரு பஸ் பயணமும் மிச்சம். நம் ஊர் கார்டுகளில் பல, வெளிநாட்டில் தேய்த்தால் 3.5 சதவீதம் வரை மார்க்அப் என்று கூடுதலாக எடுக்கும், அது இல்லாத கார்டாகக் கேட்டு வாங்கிக்கொள். தாய்லாந்து ஏடிஎம்மில் ஒவ்வொரு முறையும் 220 பாட்டோ அதற்கு மேலோ தனிக் கட்டணம் பிடிப்பார்கள், அதனால் சில்லறை சில்லறையாக எடுக்காதே. ரூபாயில் கழிக்கட்டுமா என்று திரையில் கேட்டால் வேண்டாம் என்று அழுத்து, அவர்கள் போடுகிற மாற்று விலை நமக்கு நஷ்டம்தான். இன்னொன்று, வியட்நாமில் 20,000 டாங் நோட்டும் 5,00,000 டாங் நோட்டும் இரண்டுமே நீலம். பெரிய நோட்டைத் தனிப் பர்ஸில் வை, இருட்டில் டாக்ஸிக்குக் கொடுக்கும்போது பூஜ்யத்தை எண்ணிக் கொடு.

ஒரு நாளைக்கு இவ்வளவு என்று எல்லா நாளுக்கும் ஒரே தொகை போட்டிருக்கிறாயே, அது ஒத்துவராது. ஓர் ஊரில் பத்து நாள் தங்கினால் அறையைப் பேசிக் குறைக்கலாம், எந்தக் கடையில் சாப்பாடு மலிவு என்று தெரிந்துவிடும். இரண்டு நாளைக்கு ஓர் ஊர் என்று ஓடினால் டிக்கெட்டிலேயே பணம் கரைந்துவிடும். ஊர்களைப் பாதியாகக் குறை. ஹனோயிலிருந்து தெற்கே ஹோ சி மின் நகரம் வரை 1,726 கிலோமீட்டர் ரயில் இருக்கிறது, ராத்திரி ரயிலாகப் பார்த்து ஏறினால் அன்றைக்கு அறை வாடகை கிடையாது. திரும்பி வர டிக்கெட் காசும், இன்சூரன்ஸ் காசும் கணக்கிலேயே சேர்க்காமல் தனியாக வைத்துவிடு. அம்மாவிடமும் அதைச் சொல், அவர்கள் பயமே இதைப் பற்றித்தான் இருக்கும்.

கிளம்புவதற்கு முன்னால் அந்தப் பையை முழுதாக அடுக்கி இங்கே கொண்டுவா. பஸ் ஸ்டாண்டிலிருந்து எங்கள் வீட்டு மேடு வரை ஆட்டோ பிடிக்காமல் நடப்போம், மறுநாள் கேத்தரின் அருவி பக்கம் போய்வருவோம். எது தேவையில்லை என்று உன் தோளே சொல்லிவிடும், அதை என் பீரோவில் வைத்துவிட்டுப் போ. மேட்டுப்பாளையத்தில் பஸ் ஏறும் முன் ஒரு போன் பண்ணு, ரோடு திறந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
ராஜி