கணைய அழற்சியிலிருந்து என் கணவரை மீட்டுத் தந்தவர்களுக்கு

சோமனூர் வட்டாரத்து உறவுகளுக்கும், தறிக்கார நண்பர்களுக்கும், கோவையில் எங்களைத் தாங்கிக்கொண்ட மருத்துவமனை ஊழியர்களுக்கும் வணக்கம்.

என் கணவர் பிழைத்து வீட்டுக்கு வந்துவிட்டார். தறிக்கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து துணி ஓடுவதைப் பார்க்கும் அளவுக்குத் தேறியிருக்கிறார். வீடு வீடாக வந்து கும்பிட்டுச் சொல்ல வேண்டிய நன்றியை இப்போதைக்கு எழுத்தில் சொல்கிறேன். அதோடு ஊரில் உலவும் ஒரு பேச்சையும் இங்கேயே தீர்த்துவிட விரும்புகிறேன். அவருக்கு வந்த கடுமையான கணைய அழற்சி, அதாவது கணையம் வீங்கிப் புண்படும் நோய், குடியால் வந்ததல்ல. அவர் குடிப்பவரே அல்ல. ரத்தத்தில் டிரைகிளிசரைடு என்னும் கொழுப்பு அளவுகடந்து ஏறியதால் வந்தது. பித்தப்பைக் கல்லுக்கும் மதுவுக்கும் அடுத்தபடியாக இந்த நோய்க்கு அடிக்கடி காரணமாவது இந்தக் கொழுப்புதான் என்று மருத்துவர்கள் சொன்னார்கள். கணையம் கெட்டது என்று கேட்டதும் குடிகாரன் என்று முடிவு கட்டுகிறவர்கள் தயவுசெய்து இதை மனத்தில் வையுங்கள். அந்தப் பேச்சு காதில் விழுந்து என் மாமியார் பட்ட வேதனையை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

நள்ளிரவில் கருமத்தம்பட்டி வழியாக அவிநாசி சாலையைப் பிடித்து எங்களைக் கோவைக்குக் கொண்டு சேர்த்த 108 ஆம்புலன்ஸ் ஊழியர்கள் இருவருக்கும் நன்றி. மேல் வயிற்றில் பிடித்த வலி முதுகு வரை ஊடுருவியிருந்தது. படுக்கவைத்தால் அலறினார், முன்னால் குனிந்து உட்கார்ந்தால் கொஞ்சம் தாங்கினார். அவரை அப்படியே உட்காரவைத்துப் பிடித்துக்கொண்டு வந்தார்கள்.

அடுத்து, மருத்துவமனையில் இரவுப் பணியிலிருந்த லேப் டெக்னீஷியன் தங்கைக்கு. இந்த மடலில் இவரைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும். எடுத்த ரத்தத்தைச் சுழற்றிப் பிரித்தபோது, இளமஞ்சளாகத் தெளிந்து நிற்க வேண்டிய நீர் பாலாய் வெளுத்து நின்றதாம். முதலில் பார்த்த அமைலேஸ் என்னும் நொதியின் அளவோ இயல்பாக வந்திருந்தது. கணையம் புண்பட்டால் ஏற வேண்டிய அளவு அது. இயந்திரம் காட்டிய எண்ணை அப்படியே தாளில் ஏற்றி அனுப்பியிருந்தாலும் யாரும் அவரைக் கேட்டிருக்க முடியாது. வாயுத் தொல்லை என்று ஊசி போட்டு எங்களை அனுப்பிவைத்திருக்கவும் கூடும். அவர் உடனே மருத்துவரை அழைத்து, இவ்வளவு கொழுப்பு கலந்த ரத்தத்தில் அமைலேஸ் பொய்யாகக் குறைத்துக் காட்டும், சோடியம் எண்ணையும் அப்படியே நம்ப வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். மாதிரியை நீர்க்கச் செய்து மறுபடி சோதித்திருக்கிறார். அமைலேஸ் ஏறி நின்றது. கணையத்தின் இன்னொரு நொதியான லைப்பேஸ் இயல்பு அளவைப்போல் மூன்று மடங்கைத் தாண்டியிருந்தது. டெசிலிட்டருக்கு 150 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டிய டிரைகிளிசரைடு 4,000-க்கும் மேலே போயிருந்தது. 1,000-ஐத் தாண்டினாலே கணையத்துக்கு ஆபத்து என்பார்கள். ஸ்கேனில் கணையம் வீங்கியிருந்தது. பித்தப்பையில் கல் இல்லை. விடிவதற்குள் நோயின் பெயரும் அதன் காரணமும் தெரிந்துவிட்டன. தங்கையே, உன் கண்ணும் உன் மனச்சாட்சியும்தான் அன்று எங்களைக் காப்பாற்றின.

தீவிர சிகிச்சைப் பிரிவு மருத்துவர் என்னையும் என் கொழுந்தனாரையும் உட்காரவைத்து, தாளில் படம் போட்டு விளக்கினார். கணையம் சுரக்கும் லைப்பேஸ் அந்தக் கொழுப்பை உடைக்கும்போது கொழுப்பு அமிலங்கள் மிகுந்துவிடுகின்றன. அவை கணையத்தின் செல்களையும் மெல்லிய ரத்தக் குழாய்களையும் தாக்குகின்றன. கொழுப்பால் தடித்த ரத்தம் அங்கே சரியாக ஓடுவதும் இல்லை. வலிக்கு மருந்தும், நரம்பு வழியாகத் திரவமும் கொடுத்துக்கொண்டே கொழுப்பை வேகமாக இறக்க வேண்டும் என்றார். அதற்கு அவர் தேர்ந்தெடுத்தது இன்சுலின். சர்க்கரையைக் குறைக்கும் மருந்தாக மட்டுமே நாங்கள் அறிந்திருந்த இன்சுலின், ரத்தக் குழாய்ச் சுவரில் இருக்கும் ஒரு நொதியைத் தூண்டி டிரைகிளிசரைடைக் கரைக்கவும் செய்யும் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். அது பலிக்காவிட்டாலோ, சிறுநீரகமும் நுரையீரலும் தளர்ந்தாலோ, ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவைப் பிரித்து மாற்றும் சிகிச்சைக்குப் போகலாம் என்று அதற்கும் ஆயத்தமாக இருந்தார். அந்தத் தேவை வரவில்லை. நம்பிக்கையையும் பயத்தையும் ஒளிக்காமல் சரியான அளவில் சொன்ன அந்த நேர்மைக்கு என் வணக்கம்.

செவிலியர்களுக்கு எந்த வார்த்தையில் நன்றி சொல்வது? இன்சுலின் சொட்டும்போது சர்க்கரை படுவேகமாக இறங்கிவிடக்கூடும். அதனால் குளுக்கோஸையும் கூடவே ஏற்றி, மணிக்கு மணி விரலில் குத்திப் பார்த்தார்கள். பொட்டாசியம் குறைகிறதா என்று பார்த்தார்கள்; சிறுநீரை அளந்து எழுதினார்கள். தண்ணீர் கேட்டு அவர் கெஞ்சியபோது, “இன்னும் கொஞ்சம் பொறுங்கள் அண்ணா” என்று சொல்லி, நனைத்த துணியால் உதட்டைத் துடைத்துவிட்ட பெண்ணுக்கு என் மகளின் வயதைவிடச் சற்றுத்தான் கூடுதலாக இருக்கும். டிரைகிளிசரைடு 500-க்குக் கீழே வந்துவிட்டது என்று அந்தப் பெண்தான் ஓடிவந்து என்னிடம் சொன்னாள். அவள் முகத்திலும் அவ்வளவு மகிழ்ச்சி.

ஊருக்கு வருகிறேன். நான் ஒரு வார்த்தை கேட்காமலே எங்கள் கூலித் தறிகளை ஓட்டினீர்கள். தறியில் நெடுக்கு நூலான பாவு தீர்ந்தபோது புதுப் பாவு பிணைத்தீர்கள். மாடுகளுக்குத் தீவனம் போட்டு, பால் கறந்து சொசைட்டிக்கு ஊற்றினீர்கள். “அம்மிணி, வீட்டைப் பற்றி யோசிக்காதே, நீ அவனைப் பார்” என்று சொல்லி என் பிள்ளைகளைத் தன் வீட்டில் வைத்துக்கொண்ட பக்கத்து வீட்டுப் பெரியம்மாவுக்கு நான் பட்டிருக்கும் கடன் பெரிது. காப்பீட்டுத் தாள்களோடு அலுவலகம் அலுவலகமாக அலைந்த தம்பிகளுக்கும் நன்றி.

உணவியல் நிபுணர் அம்மாவுக்கும் தனியாக எழுத வேண்டும். தேங்காய் அரைத்து ஊற்றாமல் குழம்பு வைக்கத் தெரியாத எனக்கு, எங்கள் சாப்பாட்டை வைத்தே ஒரு வழி காட்டினார். அரிசி பருப்பு சாதத்தை விட வேண்டாம், நெய் ஊற்ற வேண்டாம். கொள்ளும் கீரையும் தாராளமாக வையுங்கள், ராகிக் களி அளவோடு போதும். எண்ணெயை ஊற்றாதீர்கள், தேக்கரண்டியில் அளந்து விடுங்கள் என்றார். சர்க்கரை, மைதா, பழச்சாறு ஆகியவையும் டிரைகிளிசரைடை ஏற்றும் என்று அவர் சொன்னபோது வியப்பாக இருந்தது. டிரைகிளிசரைடைக் குறைக்கும் ஃபெனோஃபைப்ரேட் மாத்திரையும் சர்க்கரைக்கான மருந்தும் தொடர்கின்றன.

இந்தக் கொழுப்பு குடும்பவழியாகவும் வரலாம் என்பதால் கூடப் பிறந்தவர்களையும் சோதிக்கச் சொன்னார்கள். வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்த என் கொழுந்தனாருக்கும் அளவு ஏறியிருந்தது. எந்த வலியும் வருவதற்கு முன்பே அவருக்குச் சிகிச்சை தொடங்கிவிட்டது. சர்க்கரை நோய் உள்ள உறவுகளே, அடுத்த முறை சர்க்கரை பார்க்கப் போகும்போது டிரைகிளிசரைடையும் பார்த்துவிடுங்கள். இதை உரிமையோடு கேட்கிறேன்.

தாமதத்துக்குக் கூலியைப் பிடிக்காமல், “ஆள் தேறி வரட்டும், துணி மெதுவாக வரட்டும்” என்று பொறுத்துக்கொண்ட, எங்களுக்குக் கூலிக்கு நெய்யக் கொடுக்கும் ஜவுளி உற்பத்தியாளர் ஐயாவுக்கு: நிலுவையில் இருந்த துணி முழுவதும் மடித்துத் தயாராக இருக்கிறது. வண்டி அனுப்பலாம்.

இப்படிக்கு,
சோமனூரிலிருந்து ஒரு விசைத்தறிக் குடும்பத்தின் சார்பில்