ஷாப்பிங் செயலி நடத்துகிறவர்களுக்கு: ராத்திரியில் கூப்பிடாதீர்கள்

வணக்கம்.

எந்தச் செயலி என்று நான் சொல்லப்போவதில்லை, உங்களுக்கே தெரியும். உங்கள் வாடிக்கையாளர் சேவைக்கு நான்கு முறை எழுதினேன், நான்கு முறையும் "உங்கள் கருத்துக்கு நன்றி" என்று ஒரே பதில்.

கேட்பது ஒன்றுதான். இரவு பத்து மணிக்கு மேல் எனக்கு ஆஃபர் அறிவிப்பு அனுப்பாதீர்கள்.

ஆஃப் செய்துகொள்ளலாமே என்பீர்கள். செய்தேன். பார்சல் எங்கே வருகிறது என்ற தகவலும் சேர்ந்து நின்றுவிட்டது, அதனால் திரும்ப ஆன் செய்தேன்.

மனசு சரியில்லை என்றால் எதையாவது வாங்கிப்போடுவது என் பழக்கம், மறைக்கவில்லை. போன மாதம் அப்பா ஐ.சி.யு.வில் இருந்தார். வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன், ராத்திரி ஒன்றே முக்கால், "நீங்கள் பார்த்த சேலை, இன்னும் 9 நிமிடம்தான்" என்று போன் அதிர்கிறது. சிவப்பு எழுத்தில் நொடிகள் குறைந்துகொண்டே வருகின்றன. விலை 3,400 ரூபாய். இருந்த பணத்தை ஆஸ்பத்திரிக்குக் கட்டியாயிற்று, ஆனால் 'இப்போது வாங்கு, அப்புறம் கட்டு' பொத்தான்தான் இருக்கிறதே. அழுத்தினேன். ஒரு ஐந்து நிமிடம் நிம்மதியாகத்தான் இருந்தது. காலையில் பார்த்தால் அதே சேலை, அதே விலை, அதே 9 நிமிடம், முதலிலிருந்து ஓடிக்கொண்டிருக்கிறது. சேலையை இன்னும் பிரிக்கவில்லை, தவணை மட்டும் தேதி தவறாமல் வருகிறது.

மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரிலேயே இந்த மாதிரி 13 தந்திரங்களைத் தடை செய்து நெறிமுறை வெளியிட்டதே, அதில் முதலாவது இந்தப் பொய் அவசரம்தான். வேண்டாம் என்று அழுத்தப் போனால் "பரவாயில்லை, எனக்குப் பணத்தைச் சேமிக்கப் பிடிக்காது" என்று என் வாயாலேயே சொல்ல வைக்கிறீர்களே, அதுவும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. உங்கள் வக்கீல்கள் படித்திருப்பார்கள்.

ஆடித் தள்ளுபடிகூட ஆடியோடு முடிந்துவிடும் சார். உங்களுக்கு மட்டும் வருஷத்துக்குப் பன்னிரண்டு ஆடி. எங்கள் தெரு ஜவுளிக்கடைக்காரர் பத்து மணிக்கு ஷட்டரை இறக்கிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார், ராத்திரி ஒரு மணிக்கு என் தலையணைப் பக்கம் வந்து நின்றுகொண்டு "அக்கா, ஒரு பீஸ்தான் இருக்கு" என்று காதில் சொல்ல மாட்டார். சொன்னால் போலீஸைக் கூப்பிடுவேன். நீங்கள் சொன்னால் அதற்குப் பெயர் 'உங்களுக்காகவே'.

சரி, கோபத்தில் நீட்டிவிட்டேன், மன்னிக்கவும். அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார். எனக்குத்தான் இன்னும் சரியாகத் தூக்கம் வருவதில்லை. தயவுசெய்து பத்து மணிக்கு மேல் வேண்டாம். இது ஐந்தாவது முறை, இதற்கும் நன்றி மட்டும் சொல்லி அனுப்பிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர், கோவை