அப்பாவுக்கு: பிக்கப் கதவில் ஸ்பீக்கர் மாற்றியது பற்றி

ஹூஸ்டன்,
ஞாயிறு ராத்திரி

அன்புள்ள அப்பாவுக்கு,

நான், உங்கள் மருமகள், பேத்தி மூவரும் நலம். நீங்கள், அம்மா, அப்பத்தா, தம்பி எல்லோரும் நலமா? அப்பத்தாவின் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது என்று அம்மாவிடம் கேட்டுச் சொல்லுங்கள். வண்டி ஸ்பீக்கரைப் பற்றிப் போனில் சொல்ல ஆரம்பித்தேன், பாதியிலேயே லைன் போய்விட்டது. இங்கே ராத்திரி 9 மணி என்றால் உங்களுக்குக் காலை 7.30, நீங்களும் கிளம்புகிற அவசரத்தில் இருந்தீர்கள். இதை உங்களிடம் முழுசாகச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது, அதனால்தான் எழுதுகிறேன்.

இந்த ஊரில் வண்டி இல்லாமல் பால் கூட வாங்க முடியாது. நடந்து போகிற தூரத்தில் கடையே கிடையாது, எல்லாம் அவ்வளவு பரந்து கிடக்கிறது. நான் வாங்கியிருப்பது 2007 மாடல் ஃபோர்டு எஃப்-150 பிக்கப். நம் பக்கம் பிக்கப் என்றால் பூ மூட்டை, வாழைத்தார், சிமெண்ட். இங்கே டெக்சாஸில் ஆபீஸ் போகிறவர்களும் பிக்கப்பில்தான் போகிறார்கள், பின்பக்கம் பெரும்பாலும் காலியாகத்தான் இருக்கும். வேலைக்குப் போக வர, காய்கறி வாங்க, பேர்லாந்தில் இருக்கிற மீனாட்சி கோயிலுக்குப் போக என்று பாதி நேரம் அந்த வண்டிக்குள்தான் கழிகிறது. கோயிலுக்குப் போகிற வழியில் நம் ஊர்த் திருவிழாவில் தம்பி பதிவு செய்து அனுப்பிய உறுமி மேளத்தைப் போட்டால், மேளம் வரவில்லை, கரகரவென்று ஒரு சத்தம்தான் வந்தது. அதைக் கேட்டுக்கொண்டு நான் எப்படி வண்டி ஓட்டுவேன்?

ரேடியோவில் சத்தத்தை இடது, வலது, முன், பின் என்று ஒவ்வொரு பக்கமாகத் தள்ளிக் கேட்டேன். டிரைவர் பக்கக் கதவுதான் மோசம், மற்றவையும் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை. கதவின் உள் பலகையைக் கழற்றுவது பயப்படுகிற அளவுக்குப் பெரிய வேலை இல்லை. கைப்பிடிக் குழிக்குள் ஒளிந்திருக்கிற ஸ்க்ரூ, கண்ணாடி சுவிட்ச் இருக்கிற தகடு, கீழே இருக்கிற ஸ்க்ரூ எல்லாவற்றையும் எடுத்துவிட்டு மொத்தத்தையும் மேல் நோக்கித் தூக்கினால் கொக்கியிலிருந்து விடுபட்டு வந்துவிடும். உள்ளே பார்த்தால், நீங்கள் பார்த்த உடனே சொல்லியிருப்பீர்கள், கோனைச் சுற்றி இருக்கிற நுரை வளையம் தொட்டாலே பொடியாக உதிர்ந்தது. காகிதக் கோன், முதுகில் சின்னக் காந்தம், அவ்வளவுதான் கம்பெனி கொடுத்தது. வெயிலும் ஈரப்பதமும் சேர்ந்தால் அந்த நுரை நிற்காது. ஹூஸ்டன் வெயில் மதுரை வெயிலுக்குக் குறைந்தது இல்லை, கடல் பக்கத்தில் இருப்பதால் புழுக்கம் வேறு. வளையம் போனதும் கோனை அசைக்கிற கம்பிச் சுருள், அதான் காயில், நடுவில் நிற்காமல் காந்தத்தில் உரசுகிறது, கரகரப்பு அங்கேதான்.

நம் ஸ்பீக்கர் பட்டறையாக இருந்தால் நீங்கள் புதுக் கோன் ஒட்டி, காயில் மாற்றி, மறுநாள் திருவிழாவுக்கே அனுப்பியிருப்பீர்கள். இங்கே இந்த மாதிரிச் சின்ன ஸ்பீக்கரை யாரும் பிரித்துப் பார்ப்பது இல்லை, கூலிக்குக் கட்டாது. ஒரு கடையில் விசாரித்தேன், ஸ்பீக்கர் விலையை விட மாட்டிக் கொடுக்கிற கூலி அதிகமாகச் சொன்னார்கள். சரி, நாமே செய்வோம் என்று முடிவு செய்தேன்.

வாங்கும்போது உங்களைத்தான் நினைத்துக்கொண்டேன். அந்தக் காலத்தில் செட் பெட்டிகளில் பிஎம்பிஓ என்று, கண நேர உச்சத்தைக் கணக்கு வைத்து, ஆயிரக்கணக்கில் வாட் போட்டிருப்பார்களே, "அதை நம்பாதே, தொடர்ந்து எவ்வளவு தாங்கும் என்று கேள்" என்பீர்கள். இங்கேயும் அட்டையில் 300 வாட் என்று பெரிதாகப் போட்டிருக்கிறார்கள். ஆனால் வண்டி ரேடியோ ஒரு ஸ்பீக்கருக்கு உண்மையில் கொடுப்பது 15, 20 வாட்தான். அதனால் வாட்டை விட்டுவிட்டு, கொடுக்கிற பவருக்கு எவ்வளவு சத்தம் வரும் என்று சொல்கிற டெசிபலைப் பார்த்தேன், ஏனென்றால் 3 டெசிபல் குறைந்தால் அதே சத்தத்துக்கு இரண்டு மடங்கு பவர் வேண்டும். 90க்கு மேல் இருக்கிற, ரப்பர் வளையம் போட்ட, 4 ஓம் ஸ்பீக்கராக எடுத்தேன். இந்த வண்டிக்கு 6க்கு 8 இஞ்சு, முட்டை வடிவம். காந்தத்தின் ஆழமும் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் கண்ணாடி இறங்கும்போது இடிக்கும்.

கம்பெனி ஒயரை வெட்டவே இல்லை. அதற்கென்று ஒரு அடாப்டர் ஒயர் சில டாலருக்குக் கிடைக்கிறது, செருகினால் முடிந்தது. இருந்தாலும் பிளஸ், மைனஸை டார்ச் பேட்டரி வைத்துச் சோதித்தேன், நீங்கள் சொல்லிக் கொடுத்தபடி. ஒன்றரை வோல்ட் தொட்டதும் எல்லாக் கோனும் முன்னால் குதிக்க வேண்டும். ஒன்று முன்னால், ஒன்று பின்னால் என்றால் இரண்டும் சேர்ந்து அடிச் சத்தத்தை, அதான் பாஸை, தின்றுவிடும்.

இனிமேல்தான் முக்கியமான சங்கதி. பெட்டி இல்லாத ஸ்பீக்கர் முன்னால் தள்ளுகிற காற்றும் பின்னால் தள்ளுகிற காற்றும் ஓரத்தில் கலந்து ஒன்றை ஒன்று அடித்துக்கொள்ளும் என்பீர்களே, வண்டியில் அந்தப் பெட்டி கதவுதான். அதில் ஓட்டை இருந்தால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் புண்ணியம் இல்லை. ஸ்பீக்கரைச் சுற்றி நுரை டேப் ஒட்டி, தகரம் அதிராமல் இருக்கப் பியூட்டைல் ஷீட்டை, ரப்பர் மாதிரி ஒட்டுகிற ஷீட், அழுத்தி ஒட்டினேன். அந்தக் காலத்துக் கம்பெனி ஸ்பீக்கர் பாடாததற்குப் பாதிக் காரணம் இந்த ஓட்டைகள்தான் என்று அடித்துச் சொல்வேன். பலகைக்குப் பின்னால் இருந்த பிளாஸ்டிக் ஷீட்டையும் கிழியாமல் எடுத்துத் திரும்ப ஒட்டினேன். மழைத் தண்ணீர் கண்ணாடி இடுக்கில் இறங்கிக் கதவுக்குள் ஓடி, அடியில் இருக்கிற துளை வழியாகத்தான் போகிறது, ஷீட் இல்லாவிட்டால் அது வண்டிக்குள் வந்துவிடும். அந்தத் துளைகளை மட்டும் எதைக் கொண்டும் அடைக்கக் கூடாது.

எல்லாவற்றையும் மாட்டிவிட்டுத் தம்பி அனுப்பிய உறுமியைப் போட்டேன். அந்தக் குச்சி தோலில் இழுபடுகிற உறுமல் முழுசாக வந்தது, அப்பா. தொடையில் அதிர்ந்தது. உங்கள் மருமகள் பின் சீட்டில் இருந்தாள், "மாமா கேட்டிருக்கணும்" என்றாள்.

தம்பி தன் பொலேரோ பிக்கப்பிலும் ஸ்பீக்கர் கரகரக்கிறது என்றான். விடியற்காலை மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்கு மல்லிகை ஏற்றிக்கொண்டு தனியாகப் போகிற பையன், தூக்கம் வராமல் இருக்க அவனுக்கு நல்ல பாட்டு வேண்டும். டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் போய் விலை கூடினதாகப் பார்த்து வாங்க வேண்டாம் என்று சொல்லுங்கள். பழையதைக் கழற்றி அளவு எடுத்துக்கொண்டு போகட்டும், மாட்டும்போது நீங்கள் பக்கத்தில் இருங்கள். பியூட்டைல் ஷீட் அங்கே கிடைக்கவில்லை என்றால் சொல்லுங்கள், வருகிறவர்கள் யாரிடமாவது கொடுத்து அனுப்புகிறேன். பேட்டரி மைனஸைக் கழற்றிவிட்டு வேலையை ஆரம்பிக்கச் சொல்லுங்கள்.

அம்மாவுக்கும் அப்பத்தாவுக்கும் என் அன்பு. பதில் எழுதும்போது பொலேரோ கதவில் என்ன அளவு ஸ்பீக்கர் இருக்கிறது என்று சேர்த்து எழுதுங்கள்.

உங்கள் மகன்