ஹார்டு டிஸ்க் இல்லாத ஆய்வகம்: கட்டளைகளையும் கற்றுக்கொடுத்து ஒப்படையுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விண்டோஸ் 10-க்கான மைக்ரோசாஃப்டின் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கோ டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் பிராசசர் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டும். இந்தக் காரணத்தால் பள்ளி, கல்லூரி ஆய்வகங்களில் நன்றாக ஓடும் கணினிகள் கழிவுப் பட்டியலுக்குப் போகின்றன. அவற்றை டிஸ்க் இல்லாத கிளையன்ட்களாக, அதாவது நெட்வொர்க் வழியாக இயங்குதளத்தைப் பெறும் கணினிகளாக மாற்றி, ஒரே சர்வரிலிருந்து லினக்ஸில் இயக்கினால் இன்னும் பல ஆண்டுகள் உழைக்கும். 64-பிட் பிராசசரும் 4 ஜிபி ராமும் இருந்தால் போதும். 2 ஜிபியிலும் ஓடும், ஆனால் பிரௌசரில் நாலைந்து பக்கங்கள் திறந்ததும் திணறும்.

இந்த முறை புதிதல்ல. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தின் டிஸ்க் இல்லாத பணிநிலையங்கள் 1980-களிலேயே இப்படித்தான் இயங்கின. பின்னாளில் அதன் சோலாரிஸ் இயங்குதளத்தில் இதற்கென இரண்டு கட்டளைகள் வந்தன. சர்வரில் இயங்குதளச் சேவையை ஏற்றவும் நீக்கவும் 'எஸ்எம்ஓஎஸ்சர்வீஸ்', ஒவ்வொரு கிளையன்டையும் சேர்க்க 'எஸ்எம்டிஸ்க்லெஸ்'. சேவை வேறு, கிளையன்ட் வேறு என்ற அந்தப் பிரிவினை இன்றைக்கும் பொருந்தும். இன்று நம் ஆய்வகங்களுக்கு ஏற்றது எல்டிஎஸ்பி (லினக்ஸ் டெர்மினல் சர்வர் ப்ராஜெக்ட்). 1999-இல் தொடங்கி, 2019-இல் முழுவதுமாகத் திருத்தி எழுதப்பட்ட கட்டற்ற மென்பொருள் அது.

நாங்கள் சொல்ல வருவது, இப்படி அமைக்கும் ஆய்வகங்கள் எங்கே முடங்குகின்றன என்பதை. கணினி பழசானதால் முடங்குவது குறைவு. நிறுவியவர் போனபின், எந்த மாற்றத்துக்கு எந்தக் கட்டளை கொடுக்க வேண்டும் என்று தெரிந்தவர் அங்கே ஒருவரும் இல்லாததால்தான் பெரும்பாலும் முடங்குகின்றன.

முதலில், கிளையன்ட் எப்படி எழுகிறது என்பதைப் பார்ப்போம். மின்சாரம் கொடுத்ததும் நெட்வொர்க் கார்டில் உள்ள பிஎக்ஸ்இ என்ற சிறு நிரல், முகவரி வழங்கும் டிஎச்சிபி சேவை வழியாக முகவரியும் பூட் ஃபைலின் பெயரும் கேட்கிறது. பெயர் கிடைத்ததும் டிஎஃப்டிபி என்ற எளிய கோப்புப் பரிமாற்ற முறை வழியாக ஐபிஎக்ஸ்இ என்ற சிறு பூட்லோடரை இறக்கிக்கொள்கிறது. அது லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலையும், தொடக்கக் கோப்புத் தொகுப்பான இனிட்ஆர்டியையும் கொண்டுவருகிறது. கெர்னல் எழுந்ததும் சர்வரில் உள்ள ஸ்குவாஷ்எஃப்எஸ் இமேஜை (இயங்குதளம் முழுவதும் சுருங்கிய ஒரே கோப்பு) என்எஃப்எஸ் என்ற கோப்புப் பகிர்வுச் சேவை மூலம் படிக்க மட்டுமான முறையில் ஏற்றி, அதன்மேல் ராமில் ஒரு எழுதும் அடுக்கைப் போர்த்துகிறது. ஆகவே மாணவர் எதைக் கலைத்தாலும், அணைத்துப் போட்டால் கணினி பழைய நிலைக்கு வந்துவிடும். மின்வெட்டில் கெட்டுப்போக அதில் ஃபைல் சிஸ்டமே கிடையாது. மாணவரின் சொந்தக் கோப்புகள் மட்டும் சர்வரில் உள்ள ஹோம் அடைவில் இருக்கும்.

இதற்காகச் சர்வரில் டிஎன்எஸ்மாஸ்க், என்எஃப்எஸ், எஸ்எஸ்எச் என மூன்று சேவைகள் எப்போதும் ஓட வேண்டும். டிஎச்சிபி, டிஎஃப்டிபி இரண்டையும் டிஎன்எஸ்மாஸ்க் பார்த்துக்கொள்ளும். மாணவர் லாகின் செய்யும்போது பாஸ்வேர்டைச் சரிபார்ப்பது எஸ்எஸ்எச். கிளையன்ட் அழகாகத் திரை காட்டி, சரியான பாஸ்வேர்டையும் மறுத்தால் முதலில் பார்க்க வேண்டியது எஸ்எஸ்எச் ஓடுகிறதா என்பதை. 'சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ்' என்று எழுதி, பக்கத்தில் சேவையின் பெயரைக் கொடுத்தால் தெரிந்துவிடும்.

இனி கட்டளைகள். சர்வரில் புது மென்பொருள் நிறுவினாலோ, அப்டேட் செய்தாலோ, பிரிண்டர் சேர்த்தாலோ, 'எல்டிஎஸ்பி இமேஜ்' என்று எழுதி ஓர் இடைவெளி விட்டுச் சாய்கோடு போட வேண்டும். அந்தச் சாய்கோடு சர்வரின் மூல அடைவைக் குறிக்கிறது. சர்வரின் இயங்குதளமே இமேஜாகச் சுருங்கிக் கிளையன்ட்களுக்குப் போகிறது. புதிய மாணவர் கணக்கைச் சேர்த்தாலோ, எல்டிஎஸ்பி.கான்ஃப் என்ற அமைப்புக் கோப்பைத் திருத்தினாலோ, 'எல்டிஎஸ்பி இனிட்ஆர்டி'. புதிய பெயரில் இன்னோர் இமேஜ் வைத்தால், பூட் மெனுவில் அது தெரிய 'எல்டிஎஸ்பி ஐபிஎக்ஸ்இ'. 'எல்டிஎஸ்பி என்எஃப்எஸ்', 'எல்டிஎஸ்பி டிஎன்எஸ்மாஸ்க்' இரண்டும் முதல் நிறுவலோடு முடிந்துவிடும். நெட்வொர்க் அமைப்பு மாறினால்தான் மறுபடி வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால், நிர்வாகி உரிமை தரும் 'சூடோ' சேர்க்க வேண்டும். கொடுத்த மாற்றம் அடுத்த முறை கிளையன்ட் எழும்போதுதான் தெரியும்.

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் வரும் குழப்பம் இங்கேதான். ஆசிரியர் சர்வரில் நாற்பது கணக்குகளைச் சேர்ப்பார். சர்வரில் அவை வேலை செய்யும், கிளையன்டில் செய்யாது. பயனர் பட்டியல் இனிட்ஆர்டிக்குள் பயணிக்கிறது என்பதை யாரும் அவருக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். ஒரு கட்டளையில் தீர வேண்டியதற்கு இமேஜையே மறுபடி உருவாக்கிப் பார்த்து, அதுவும் பலிக்காமல், மொத்த அமைப்பும் கெட்டுவிட்டது என்று முடிவுகட்டிய இடங்கள் உண்டு. இருக்கும் கணக்கின் பாஸ்வேர்டை மட்டும் மாற்றினால் எந்தக் கட்டளையும் வேண்டாம், ஏனென்றால் அதைச் சர்வரே நேரடியாகச் சரிபார்க்கிறது.

இமேஜ் உருவாக்கும்போது இரண்டு எச்சரிக்கைகள். கிளையன்ட்களை எல்லாம் அணைத்துவிட்டுச் செய்யுங்கள். புது இமேஜ் வரும்போது பழையது, பெயரின் கடைசியில் 'ஓல்டு' சேர்ந்து ஒரு காப்பாகத் தங்கும். ஆனால் ஒரே நாளில் இரண்டு முறை செய்தால், ஓடிக்கொண்டிருக்கும் கிளையன்ட் பிடித்திருந்த கோப்பே அழிந்து, திரை அப்படியே உறைந்துவிடும். இரண்டாவது, இடம். உருவாகிக்கொண்டிருப்பது, நடப்பில் இருப்பது, அதற்கு முந்தையது என மொத்தம் மூன்று இமேஜுக்கான இடம் டிஸ்கில் இருக்க வேண்டும். 'டிஎஃப்' கட்டளையில் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

புது இமேஜ் சரியில்லை என்றால் பழையதன் பெயரை மாற்றித் திரும்பக் கொண்டுவரலாம். அதோடு நிறுத்திவிடக் கூடாது. டிஎஃப்டிபி அடைவில் இருப்பது புது கெர்னல், இமேஜுக்குள் இருப்பதோ பழைய கெர்னலுக்கான மாட்யூல்கள் (ஒலி, திரை போன்றவற்றை இயக்கும் துணைநிரல்கள்). 'எல்டிஎஸ்பி கெர்னல்' கொடுத்து இரண்டையும் ஒன்றாக்காவிட்டால் ஒலி வராது, திரைத் தெளிவு குறையும், சில கணினிகள் பாதியில் நிற்கும்.

அடுத்தது டிஎச்சிபி. பெரும்பாலான வளாகங்களில் இன்டர்நெட் ரூட்டர் ஏற்கெனவே முகவரி வழங்கிக்கொண்டிருக்கும். அதே கம்பியில் சர்வரும் முகவரி வழங்கத் தொடங்கினால், எந்தக் கிளையன்டுக்கு யார் பதில் சொல்வார் என்று சொல்ல முடியாது. அலுவலகக் கணினிகளின் இன்டர்நெட்டும் சேர்ந்து போகும். ரூட்டர் முகவரியை மட்டும் கொடுக்க, பூட் தகவலை மட்டும் சர்வர் கொடுக்கும் பிராக்ஸி முறை இதற்குத்தான் இருக்கிறது. எல்டிஎஸ்பியில் அதுவே இயல்புநிலை. சர்வரில் இரண்டாவது நெட்வொர்க் கார்டு போட்டு, அதற்கு 192.168.67.1 என்ற முகவரி கொடுத்து, ஆய்வகத்துக்குத் தனி வலையமைப்பு வைப்பது இன்னும் சுத்தமான வழி. அப்போது பிராக்ஸியை அணைத்துவிடலாம். இடம் இருந்தால் நாங்கள் பரிந்துரைப்பது இதைத்தான்.

டிஎன்எஸ்மாஸ்க் எழவே மறுத்தால் பெரும்பாலும் காரணம், தளப் பெயரை முகவரியாக மாற்றும் பெயர்ச் சேவைக்கான 53-ஆம் போர்ட். லினக்ஸில் ஏற்கெனவே ஓடும் சிஸ்டம்டி-ரிசால்வ்டு என்ற சேவை அதை முன்பே பிடித்திருக்கும். 'எஸ்எஸ்' கட்டளையை யுஎல்பிஎன் தேர்வுகளுடன் கொடுத்தால் யார் பிடித்திருக்கிறார் என்று தெரியும். டிஎன்எஸ்மாஸ்க் அமைப்பில் 'போர்ட்=0' என்று ஒரு வரி சேர்த்தால், அது பெயர்ச் சேவையை விட்டுவிட்டு மற்ற வேலைகளைச் செய்யும்.

கிளையன்ட் திரையில் வரும் பிழை எண்ணைக் குறித்துவைக்கும் பழக்கம் நேரத்தை மிச்சமாக்கும். இ61 என்றால் கேபிள் செருகவில்லை அல்லது அறுந்திருக்கிறது. இ51 என்றால் டிஎச்சிபி பதிலே வரவில்லை. இ53 என்றால் முகவரி வந்தது, பூட் ஃபைல் பெயர் வரவில்லை. அதாவது ரூட்டர் பேசுகிறது, நம் சர்வர் பேசவில்லை. இ32 என்றால் பெயர் தெரிந்தும் டிஎஃப்டிபி திறக்கவில்லை. ஃபயர்வாலில் யுடிபி 69 மூடியிருக்கிறதா என்று பாருங்கள். இ51 சில கணினிகளில் மட்டும், அதுவும் விட்டுவிட்டு வந்தால் சுவிட்சைச் சந்தேகிக்க வேண்டும். மேனேஜ்டு சுவிட்சில், இணைப்பு வளையங்களைத் தடுக்கும் ஸ்பேனிங் ட்ரீ இயங்கினால், போர்ட் உயிர்பெற்றபின் சுமார் 30 வினாடி எதையும் கடத்தாது. அதற்குள் பிஎக்ஸ்இ பொறுமை இழந்துவிடும். கிளையன்ட் போர்ட்களில் மட்டும், அந்தக் காத்திருப்பைத் தவிர்க்கும் போர்ட்ஃபாஸ்ட் போட்டால் சரியாகும்.

பழைய கணினிகளுக்கே உரிய இன்னொரு தொல்லை மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பேட்டரி. அது தீர்ந்துபோனால் பயாஸ் தன் அமைப்புகளை மறந்து, பூட் வரிசையில் நெட்வொர்க்கைக் கீழே தள்ளிவிடும். தேதியும் பல ஆண்டுகள் பின்னுக்குப் போய், பிரௌசர் எல்லாப் பாதுகாப்பான தளங்களையும் ஆபத்தானவை என்று தடுக்கும். மென்பொருளில் எதைத் தேடினாலும் கிடைக்காத பிழை இது. கழிவுப் பட்டியலில் உள்ள கணினியை மீட்கும் அன்றே பேட்டரியை மாற்றிவிடுங்கள். கொஞ்சம் புதிய கணினியாக இருந்து பயாஸுக்குப் பதிலாக வந்த யூஇஎஃப்ஐ முறையில் எழுந்தால், கையொப்பமில்லாத பூட்லோடரைத் தடுக்கும் செக்யூர் பூட்டை அணைத்தால்தான் ஐபிஎக்ஸ்இ ஏறும்.

வேகத்தைப் பற்றி ஒரு கணக்கு. ஒரு கிளையன்ட் முழுதாக எழுந்து பிரௌசரைத் திறக்க 400 எம்பி படிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 20 கணினிகளுக்கு 8,000 எம்பி. சர்வரின் இணைப்பு 100 மெகாபிட் என்றால் நடைமுறையில் வினாடிக்கு 11 எம்பி அளவில்தான் போகும்; எல்லாரும் எழ 12 நிமிடம், 40 நிமிட வகுப்பில் கால்வாசிக்கு மேல். அதே சர்வர் போர்ட் ஜிகாபிட் ஆனால் ஒன்றேகால் நிமிடத்தில் முடியும். கிளையன்ட் போர்ட்கள் 100 மெகாபிட்டாகவே இருந்தாலும் பரவாயில்லை. எனவே பணத்தைச் செலவிட வேண்டிய இடங்கள் ஜிகாபிட் சுவிட்ச், சர்வருக்கு 16 ஜிபி ராம், ஒரு எஸ்எஸ்டி. ராம் ஏன் என்றால், முதல் கணினி படித்த இமேஜ் சர்வரின் நினைவகத்திலேயே தங்கி, மற்ற 19 பேருக்கும் டிஸ்கைத் தொடாமல் போகும். சர்வரும் சுவிட்சும் யுபிஎஸ்ஸில் இருக்க வேண்டும். சர்வர் போனால் ஆய்வகமே நின்றுவிடும் என்பது இந்த முறையின் உண்மையான பலவீனம். அதை மறைத்து யாரும் விற்கக் கூடாது.

கிளையன்டுக்குள் ஓடும் சேவைகளையும் கவனிக்க வேண்டும். தானாக அப்டேட் செய்யும் சேவைகள் கிளையன்டில் எழுந்தால், இறக்கும் ஒவ்வொரு கோப்பும் ராமில்தான் எழுதப்படும். ராம் நிரம்பிக் கணினி நிற்கும். மறுபடி எழுந்தால் மறுபடி இறக்கத் தொடங்கும். எல்டிஎஸ்பி இப்படிப்பட்ட சேவைகள் சிலவற்றைத் தானே அடக்கிவைக்கிறது. நீங்கள் தனியாக நிறுவியதை அடக்க, அமைப்புக் கோப்பில் 'மாஸ்க் சிஸ்டம் சர்வீசஸ்' என்ற வரியில் அதன் பெயரைச் சேர்த்து, இனிட்ஆர்டியைப் புதுப்பியுங்கள். வெறும் 'டிசேபிள்' போதாது. டிசேபிள் செய்த சேவையை இன்னொரு சேவை தன் தேவைக்காக எழுப்பிவிடலாம். மாஸ்க் செய்ததை எதுவும் எழுப்ப முடியாது.

உபுண்டுவில் ஸ்னாப் என்ற தொகுப்பு வடிவில் வரும் மென்பொருள்கள் நெட்வொர்க்கில் உள்ள ஹோம் அடைவோடு ஒத்துப்போவதில் சிக்கல் உண்டு. டெபியன் அல்லது லினக்ஸ் மின்ட் எடுத்தால் அந்தத் தலைவலி இல்லை. ஹோம் அடைவு இயல்பில் எஸ்எஸ்எச் வழியாக வரும்; பாதுகாப்பானது, சற்று மெதுவானது. என்எஃப்எஸ் வேகமானது. ஆனால் வெளியார் லேப்டாப் செருகக்கூடிய வலையமைப்பில் அதைத் திறந்துவைப்பது தவறு.

ஆய்வகம் அமைக்க ஆணை பிறப்பிக்கும் கல்வித் துறையும் கல்லூரி நிர்வாகங்களும், கணினி எண்ணிக்கையைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவதோடு நின்றுவிட வேண்டாம். பணம் கொடுக்கும் முன், நிறுவியவர் கையைக் கட்டி நிற்க, அந்தப் பள்ளி ஆசிரியரே நான்கு வேலைகளைச் செய்துகாட்ட வேண்டும். எல்லாக் கணினிகளையும் ஒரே நேரத்தில் எழுப்பி நேரத்தைக் குறிக்க வேண்டும். ஒரு புதிய மாணவர் கணக்கைச் சேர்த்துக் கிளையன்டில் லாகின் செய்ய வேண்டும். ஒரு மென்பொருளை நிறுவி இமேஜில் ஏற்ற வேண்டும். பிறகு பழைய இமேஜுக்குத் திரும்ப வேண்டும். நான்கையும் அவர் எழுதிவைத்த தாள், சர்வருக்கு மேலே சுவரில் ஒட்டியிருக்க வேண்டும்.

இப்படிக்கு,
கணினி ஆய்வகப் பராமரிப்பாளர்கள் சிலர்,
மதுரை.