சிகரெட் தடையும் குளோசபின் மாத்திரையும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கொரோனாக் காலத்து மனநலம் என்றாலே பயம், தனிமை, மூச்சுப்பயிற்சி என்று பேச்சு போய்விடுகிறது. ஏற்கெனவே மனநோய்க்கு மருந்து சாப்பிட்டு வருபவர்களுக்கு வேறொரு ஆபத்து உண்டு. அதை யாரும் எழுதக் காணோம்.

2020 மார்ச் 27 முதல் ஆகஸ்ட் 17 வரை தென்னாப்பிரிக்காவில் சிகரெட் விற்கத் தடை. நுரையீரலுக்கு நல்லதுதான். ஆனால் மனச்சிதைவுக்குக் குளோசபின் சாப்பிடுபவர்களில் புகைப்பவர்கள் ஏராளம். கல்லீரலில் அந்த மருந்தைச் சிதைக்கும் நொதியைப் புகை தூண்டிவிடுவதால், அவர்களுக்கு டோஸ் கூடுதலாகவே இருக்கும். சிகரெட் சட்டென்று நின்றால், டோஸ் மாறாமலே ஒரு வாரத்துக்குள் ரத்தத்தில் மருந்தின் அளவு ஒன்றரை மடங்காகலாம். சிலருக்கு இரண்டு மடங்கு. தூண்டுவது புகையே தவிர நிக்கோடின் இல்லை என்பதால், நிக்கோடின் பட்டை ஒட்டியும் பயனில்லை. கூடவே தொற்றுக் காய்ச்சலும் வந்தால் அளவு இன்னும் ஏறும். ஓயாத தூக்கம், தலையணை நனைய எச்சில், நாள்கணக்கில் மலச்சிக்கல், கடைசியில் வலிப்பு. மலச்சிக்கலைச் சாதாரணமாக விடாதீர்கள், குடல் அடைத்து உயிரே போயிருக்கிறது.

கிளினிக்குக்குப் போக முடியாமல் 48 மணி நேரத்துக்கு மேல் குளோசபின் விட்டுப்போனால், பழைய டோஸை அப்படியே போட்டுக்கொள்ளக் கூடாது. ரத்த அழுத்தம் சரிந்து விழுவார்கள். மருத்துவர் 12.5 மில்லிகிராமில் தொடங்கித்தான் ஏற்றுவார்.

இருதுருவ மனநோய்க்குத் தரும் லித்தியம் மாத்திரைக்குத் தண்ணீர்தான் கணக்கு. ரத்தத்தில் லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை இருக்க வேண்டியது, காய்ச்சலிலும் வயிற்றுப்போக்கிலும் உடல் வறண்டால் 1.5-ஐத் தாண்டிவிடலாம். காவடி விரதத்தில் தண்ணீரையும் உப்பையும் குறைப்பவர்களுக்கும் இதே கதி. உடம்பு வலிக்கு ஐபுப்ரோஃபென் வேண்டாம், அது சிறுநீரகம் லித்தியத்தை வெளியேற்றுவதைத் தடுக்கும், பனடோ (பாராசிட்டமால்) போதும். கை பலமாக நடுங்கி, நாக்குக் குழறி, நடை தள்ளாடினால் அடுத்த வேளை மாத்திரையைக் கொடுக்காமல் நேராக மருத்துவமனை. பக்கத்து வீட்டார் குடித்திருக்கிறார் என்று நினைப்பார்கள், நினைக்கட்டும்.

சுகாதாரத் துறை செய்யக்கூடியது சின்ன வேலை. நோயாளியின் கிளினிக் அட்டையில் இரண்டு வரி சேர்க்கட்டும்: ஒரு நாளைக்கு எத்தனை சிகரெட், கடைசி ரத்தப் பரிசோதனை எந்தத் தேதி. அடுத்த முறை கடைகளுக்குத் தடை போடும் முன், யாருடைய டோஸைக் குறைக்க வேண்டும் என்று நர்ஸுக்கு அந்த அட்டையிலேயே தெரிந்துவிடும்.

இப்படிக்கு,
மனநல மருந்தாளர் ஒருவர்,
சாட்ஸ்வொர்த், டர்பன்